பொட்டலத்தின் எடை

எங்கள் பார்சல் அலுவலகத்தில் மின் தராசு மக்கர் செய்தால் யாரும் பதறமாட்டார்கள். "அக்கா இருக்காங்கல்ல" என்று பெட்டியை என் பக்கம் தள்ளுவார்கள். இரண்டு கையாலும் ஒருமுறை தூக்கிப் பார்த்து எடையைச் சொல்வேன். தராசு சரியான பிறகு வைத்துப் பார்த்தால் இருபது முப்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக அதே கவுண்டர், அதே கை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அதனால்தான் இதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

பொட்டலம் என் நாய். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் என் தம்பி ஒரு பூத்துண்டில் எதையோ சுற்றி எடுத்துவந்து என் கையில் வைத்தான். "என்னடா பொட்டலம் இது?" என்று கேட்டேன். துண்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. அன்றைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தூக்கிப் பார்த்துத் தொள்ளாயிரத்துப் பத்து கிராம் என்றேன். தராசு தொள்ளாயிரத்து ஐந்து என்றது. அந்த ஐந்து கிராமுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

வளர்ந்தும் அது பெரிதாக வளரவில்லை. கால் குட்டை, முதுகு நீளம், காதுகள் அளவு தெரியாமல் தைத்துவிட்ட மாதிரி பெரிது. தெருவில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம்.

தம்பிக்கு எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை. கடைக்கு வெளியே ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அது 'நிதானம் கடை'. தம்பியின் பட்டப்பெயர் நிதானம். அவன் இடது பக்கம் வெட்டி முடித்து வலது பக்கம் வருவதற்குள் இடது பக்கம் மறுபடி வளர்ந்துவிடும் என்று நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான். சாப்பாடு மெதுவாக, பேச்சு மெதுவாக, கல்யாணம் கூட நாற்பது தாண்டித்தான். நான் பேசிக்கொண்டே போவேன், அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். மந்தம் என்றுதான் அவனை முடிவு கட்டி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தைக் குளிப்பாட்டிவிட்டுத் தம்பி சொன்னான், "அக்கா, கழுத்துப்பட்டை ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு. இளைச்சிருக்குக்கா."

"தினமும் தூக்கிட்டு மூணு மாடி ஏறி இறங்கறவ நான். எனக்குத் தெரியாம அது எங்கடா இளைக்கும்?"

அவன் வாயை அடைக்கவே மறுநாள் பொட்டலத்தை அலுவலகத்துக்குத் தூக்கிப்போனேன். கவுண்டர் மூடிய பிறகு தராசில் நிறுத்தினேன். நாலு கிலோ எண்ணூற்று அறுபது. தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று முதலில் அதைத்தான் திட்டினேன். ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துச் சோதித்தேன். தராசில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதம் முன்பு தடுப்பூசி அட்டையில் எழுதியிருந்தது ஆறு கிலோ இருநூறு.

நாளுக்கு ஏழெட்டு கிராம் குறைந்தால் கை எப்படிச் சொல்லும்? கை நேற்றைய எடையோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றும் வித்தியாசமில்லை என்று தினமும் சொல்லிச் சொல்லி என் கை என்னை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் ஏமாற்றியிருந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா பொட்டலத்தின் முதுகை விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். எடை போட்டார், அதே நாலு கிலோ எண்ணூற்று அறுபது. படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார். சிறுநீரகம் சரி, ஈரல் சரி, பல் வயதுக்குச் சரி. முதுகெலும்பில்தான் தேய்மானம் என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்தார். மாடிப்படி கூடாது, குதிக்கக்கூடாது, தூக்கும்போது ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு என்று செய்தும் காட்டினார். 'பார்சல் ஆபீஸ்காரிக்கே தூக்கச் சொல்லித்தருகிறாயா' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, "தெரியும் டாக்டர்" என்றேன்.

"சாப்பாட்டுத் தட்டை எப்படி வைக்கறீங்க?" என்று அவர் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏதோ நாயைப் பட்டினி போடுகிற மாதிரி. "ரெண்டு வேளையும் கழுவித் தொடச்சு, நேரம் தவறாம வைக்கறேன்" என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அடுத்த அறையிலிருந்து அவசரம் என்று கூப்பிட்டார்கள். போகிற போக்கில் அவர் சொன்னது மட்டும் என் காதில் நின்றது.

"பத்து நாள் பார்ப்போம்மா. சாப்பிட்டா தேறிடும். நாலரைக்குக் கீழ போயிடுச்சுன்னா, வலியையும் பட்டினியையும் சேர்த்து அதைத் தாங்கச் சொல்றது நியாயமில்ல. வேற மாதிரி யோசிக்கணும்."

வேற மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

மூன்று நாள் லீவு போட்டேன். கோழியை வேகவைத்து எலும்பு நீக்கிப் பிசைந்தேன், முட்டை அவித்தேன், குழைந்த சோற்றில் கலந்தேன். தட்டைத் தரையில் வைத்ததும் பொட்டலம் வாலை ஆட்டிக்கொண்டு வரும், மோந்து பார்க்கும், இரண்டு நக்கு நக்கும், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று கத்தினேன். அது காதைத் தாழ்த்திக்கொண்டது. பிறகு மனசு கேட்காமல் கீழே உட்கார்ந்து உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். அவ்வளவையும் தின்றது. இன்னொரு கை, அதையும் தின்றது.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். ஓகோ, கையில் ஊட்டினால்தான் துரை சாப்பிடுவாரோ என்று தோன்றியது. இது செல்லம், இதற்கு இடம் கொடுத்தால் தலையில் ஏறிவிடும், நான் வேலைக்குப் போனபின் யார் ஊட்டுவது? கையைக் கழுவிக்கொண்டு தட்டைத் திரும்பத் தரையில் வைத்தேன். பசித்தால் தானாக வரும் என்று உறுதியாக இருந்தேன். எதில் உறுதியாக இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு எப்போதும் தகராறு.

நாலாம் நாள் காலை, வீட்டில் கிடந்த பழைய மேசைத் தராசு நாலு கிலோ அறுநூற்றுப் பத்து காட்டியது. இன்னும் நூற்றுப் பத்து கிராம் குறைந்தால் போதும், முடிந்தது. ஒரு சோப்புக்கட்டியின் எடை. அந்தத் தராசைத் துணி போட்டு மூடி அலமாரியின் மேல் தூக்கி வைத்தேன். பத்தாம் நாள் வரை பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். தராசைப் பார்க்க எனக்குப் பயம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது பொட்டலத்தைத் தம்பி கடையில் விட்டேன். தாளில் வரிசை எண் போட்டுப் பதினாலு கட்டளை எழுதிக் கொடுத்தேன். தம்பி மெதுவாக வாசித்து, மடித்து, கண்ணாடிக்குப் பின்னால் செருகினான். சாயங்காலம் போய்க் கேட்டால், "நல்லா சாப்பிட்டுச்சுக்கா" என்பான். மூன்று நாளும் அதே பதில். வீட்டுக்குக் கொண்டுபோய் ராச்சாப்பாட்டை வைத்தால் பொட்டலம் பழையபடி மோந்துவிட்டு நகர்ந்துவிடும். இவன் என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏழாம் நாள் மதியம் கவுண்டரை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கக் கடைக்குப் போனேன்.

கடைக்குள் கண்ட காட்சியை எப்படிச் சொல்ல. பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பஸ் டிரைவர், எனக்கும் முகம் தெரிந்தவர்தான், கழுத்தில் வெள்ளைத் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார். கடையில் ஏறி இறங்கும் நாற்காலி ஒன்றுதான் உண்டு. மற்றது டிரைவர் உட்கார்ந்திருந்த மரநாற்காலி. அந்த ஒரே நல்ல நாற்காலி காலியாக, மிதியை மிதித்து உயர்த்தப்பட்டு நின்றது. அதன் கால் வைக்கும் தகட்டில் பொட்டலத்தின் தட்டு. கீழே மடித்த துண்டின்மேல் பொட்டலம். தம்பி முழங்காலிட்டு அதன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இது கடையா, என்னடா இது? பாதித் தலையோட ஒரு மனுஷனை உட்காரவச்சிட்டு நாய்க்கு நாற்காலியா?"

டிரைவர்தான் பேசினார். "மெதுவா பேசுங்கம்மா. அது சாப்பிடுது."

அப்போதுதான் பார்த்தேன். சாப்பிடுது என்றால் சும்மா சாப்பிடவில்லை. தட்டு நாற்காலியில் இடிக்கிற மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தலையைக் குனியவே இல்லை. முதுகும் கழுத்தும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. தட்டு வாயருகே வந்து நின்றிருந்தது. பல மாதமாக நான் கேட்காத சத்தம், தட்டை நக்கும் சத்தம், கடை முழுக்கக் கேட்டது.

"எப்படிடா?" என்றேன்.

தம்பி டிரைவரைக் காட்டினான். "இவரைக் கூப்பிட்டுப் பாருக்கா. தலை மட்டும் திரும்பாது. உடம்போடதான் திரும்புவார். பத்து வருஷமா கழுத்து வலி. பொட்டலமும் அப்படித்தான் திரும்புது. முதல் நாளே பார்த்தேன். தரையில தட்டு வச்சா ஆசையா வருது. குனியறப்ப முன்னங்கால் நடுங்குது. உடனே போயிடுது. அதுக்குப் பசி இருக்குக்கா. குனியத்தான் முடியல."

"உங்க தம்பி என்னைக் குனிங்கன்னு சொன்னதே இல்லம்மா" என்றார் டிரைவர். "வேற கடையில எல்லாம் தலையைப் புடிச்சு அழுத்துவாங்க. இவர் நாற்காலியை ஏத்திட்டு, தானே குனிஞ்சுக்குவார். அதான் எவ்வளவு நேரமானாலும் இங்க வர்றேன். இதுக்கு ஒரு பத்து நிமிஷம் விட்டுத் தர்றதுல எனக்கு ஒண்ணும் கொறைஞ்சுடாது."

"வலிக்கிற தலையைக் குனியச் சொல்லக்கூடாதுக்கா" என்றான் தம்பி. அவனுக்கு அது சாதாரண விஷயம். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னான்.

ஒவ்வொரு மிதியாக மிதித்துப் பார்த்திருக்கிறான். மூன்று மிதியில் தலை கொஞ்சம் தாழ்ந்தது, ஐந்தில் மேலே எட்ட வேண்டியிருந்தது, நாலில் சரியாக வந்தது. இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த உலகத்தில் இதைக் கண்டுபிடிக்க அவசரப்படாத ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆளை நான் ஐம்பது வருடமாக மந்தம் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் தாளை எடுத்து நீட்டினான். நாலாவது வரி: தட்டைத் தரையில்தான் வைக்க வேண்டும். ஐந்தாவது வரி: கையில் ஊட்டவே கூடாது. "நீ எழுதினதை மாத்திட்டேன்னு சொன்னா நீ கோவப்படுவ. கோவத்துல பொட்டலத்தை இங்க விடறதை நிறுத்திட்டா? பத்து நாள் முடியட்டும்னு இருந்தேன்."

என் உள்ளங்கையில் அது தின்றது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து நீட்டிய கை, அதன் வாய் உயரத்தில் இருந்திருக்கிறது. அது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறது. நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை, அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைத் தூக்கப் போனேன். எப்போதும் போல முன்னங்கால்களுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து. "ஐயையோ!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தம்பி என் வலது கையைப் பிடித்துப் பொட்டலத்தின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தான். "இப்படிக்கா. ரெண்டும் ஒண்ணா எழும்பணும்."

தூக்கினேன். பொட்டலம் சத்தமே போடவில்லை. பல மாதமாக நான் தூக்கும்போதெல்லாம் அது "ம்" என்று ஒரு முனகல் முனகும். அது கொஞ்சுகிறது என்று நினைத்து நானும் "என்னடா ராசா" என்று பதில் பேசிக்கொண்டே மூன்று மாடி ஏறியிருக்கிறேன். தினமும் எத்தனை பெட்டியில் 'உடையும் பொருள், கவனம்' என்று ஒட்டியிருப்பேன். இதன்மேல் அப்படி ஒன்றை யாரும் ஒட்டித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"நான் ஒரு மடச்சிடா" என்றேன்.

"இல்லக்கா, அவசரம்" என்றான் தம்பி. அது இன்னும் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி இரண்டு மரத்துண்டுகளின் மேல் பலகை வைத்து ஆணியடித்துக் கொடுத்தான். நாலு மிதி உயரம், அளந்தெடுத்தது. வீட்டில் வைத்தேன். பொட்டலம் சாப்பிட்டது. நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அது வாயை எடுக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்தாம் நாள் தம்பி கடையைப் பூட்டிவிட்டு என்னோடு மருத்துவமனைக்கு வந்தான். வழியெல்லாம் நான்தான் தூக்கிப்போனேன், ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு. வாசல் படியில் அவன் கேட்டான், "எவ்வளவு இருக்கும்க்கா?"

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "தெரியலடா" என்றேன். "தராசே சொல்லட்டும்."

தராசின் எண்கள் நிலைகொள்ளாமல் ஓடின. நாலு கிலோ எழுநூறு, நாலு கிலோ தொள்ளாயிரத்து இருபது, மறுபடி கீழே. பொட்டலம் வாலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. தம்பி குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னான். வால் நின்றது. எண்ணும் நின்றது. நாலு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு.

"வந்த நாளை விட முப்பது கிராம் கூட!" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "தேறுது. விட்டுடாதீங்க. முதுகு புதுசா ஆகப்போறதில்ல, ஆனா இப்படியே சாப்பிட்டா, வலியைக் கட்டுக்குள்ள வச்சு இன்னும் நல்லாவே ஓட்டலாம். என்ன மாத்தினீங்க?"

"தட்டை உயரத்துல வைக்கறோம்."

"அன்னிக்கே கேட்டேனே, தட்டை எப்படி வைக்கறீங்கன்னு?"

"கேட்டீங்க டாக்டர். நான்தான் அதைக் கேக்கல" என்றேன். பிறகு, வெளியே காத்திருந்த அத்தனை நாய்க்காரர்களுக்கும் பூனைக்காரர்களுக்கும் கேட்கும்படி, "இதோ, என் தம்பி. அவன்தான் கண்டுபிடிச்சான்" என்று சொன்னேன். தம்பி கூச்சத்தில் மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கத் தொடங்கினான். கவுண்டரில் முப்பது கிராம் முன்னே பின்னே இருந்தால் நான் கண்டுகொள்வதே இல்லை. அன்றைக்கு அந்த முப்பது கிராமை என்னால் சுமக்க முடியவில்லை.

திரும்பி வந்து கடையைத் திறந்தான். வீட்டுப் பலகையைப் போலவே இன்னொன்றைக் கடைக்கும் செய்து வைத்திருந்தான். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த 'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறிச் சீட்டு ஒன்றை அதன் முகப்பில் ஒட்டினேன். தட்டை நிரப்பி அதன்மேல் வைத்தேன். பிறகு போய் அந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா?"

"பின்னாடி முடி நுனியெல்லாம் பிளந்து கெடக்கு. வெட்டி விடு."

இத்தனை வருடத்தில் நான் அவனிடம் வெட்டிக்கொண்டதில்லை. அவ்வளவு நேரம் யாரால் உட்கார முடியும் என்று கேலி செய்து வேறு கடைக்குப் போவேன். தம்பி வெள்ளைத் துணியை உதறி என் கழுத்தில் கட்டினான். மிதியை மிதித்தான். சீப்பை எடுத்தான், கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அக்கா, உனக்குக் கழுத்து வலி எதுவும் இல்லையே?"

"இல்லடா."

"அப்ப கொஞ்சம் குனிக்கா."

நான் குனிந்தேன். காலடியில் பொட்டலம் தலை நிமிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.